கெஸ்ட்ரல்: முட்டையை எடுத்தால் இனம் பெருகுமா?

மொரீஷியஸ் தீவின் சிறு வல்லூறான கெஸ்ட்ரல் செப்டம்பரில் முட்டையிடத் தொடங்கும். அது முட்டையிட மனிதர் வைத்த கூட்டுப் பெட்டிகளை அதற்குள் செப்பனிட்டாக வேண்டும். இந்தச் சமயத்தில் வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம்: ‘காப்பாற்றிவிட்டதாகப் படித்தோமே, பிறகு எப்படி ஆபத்துப் பட்டியலில் இருக்கிறது?’

எப்படிக் காப்பாற்றினார்கள்?

1974-இல் காட்டில் இருப்பதாகத் தெரிந்தவை நான்கே பறவைகள். 1979-இல் அங்கு வந்த உயிரியலாளர் கார்ல் ஜோன்ஸ், கூட்டில் இருந்த முதல் ஈட்டு முட்டைகளை எடுத்துவிட்டார். கேட்கக் கொடுமையாக இருக்கும். ஆனால் பருவத்தின் தொடக்கத்திலேயே முட்டை பறிபோனால் பெட்டை மறுபடி இடும். முட்டையை எடுக்க எடுக்க நாட்டுக்கோழி இட்டுக்கொண்டே போவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். எடுத்தவை இன்குபேட்டரில் பொரிந்தன. அடுத்த ஈட்டைத் தாய் அடைகாத்தது. ஒரே பருவத்தில் ஒரு சோடிக்கு இரண்டு ஈடு.

மறுபடி முட்டையிடப் பெட்டைக்கு உடம்பில் வலு வேண்டுமே! அதற்காக வெள்ளைச் சுண்டெலிகளை மேலே வீசினார்கள். பறவை பாய்ந்து வந்து அந்தரத்திலேயே கவ்விச் சென்றது. இப்படி வளர்ந்த 300-க்கும் மேற்பட்ட பறவைகள் காட்டில் விடப்பட்டன.

அப்படியானால் மீண்டுவிட்டதா?

1994-இல் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் அதன் நிலை தளர்த்தப்பட்டது. ‘மீட்பு’ என்று அறிவிப்புகள் கொண்டாடின. எண்ணிக்கை ஏறியதை மட்டும் வைத்துச் சூட்டிய பெயர் அது. சரிவுக்கு வழிவகுத்தவற்றில் நின்றது மலேரியாக் கொசுவுக்கு அடித்த டிடிடி மட்டுமே. வெளியிலிருந்து வந்த கீரியும் எலியும் குரங்கும் போகவில்லை. கெஸ்ட்ரல் சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டும் பறவையல்ல. பாறைப் பொந்திலோ மரப்பொந்திலோதான் முட்டையிடும். பொந்து விழும் அளவுக்கு முதிர்ந்த மரங்கள் உள்ள பூர்வீகக் காடு அங்கே மிகக் குறைவு. அதனால்தான் பல சோடிகள் பெட்டிகளை நம்பியிருக்கின்றன. 2014-இல் ‘அழியும் ஆபத்தில்’ என்ற நிலைக்கே அதைத் திரும்பச் சேர்த்தார்கள்.

எத்தனை முட்டை?

பெரும்பாலும் மூன்று, அடைகாலம் சுமார் ஒரு மாதம்.

இரை யார் கொண்டுவருவது?

அடைகாக்கும் பெட்டைக்கு ஆண்தான். முக்கிய இரை பச்சைப் பல்லி.

ஒரு கைப்பிடிப் பறவைகளின் வழிவந்ததால் பாதிப்பு உண்டா?

உண்டு, மரபணு வேற்றுமை மிகவும் சுருங்கிவிட்டது.

எப்போது மீட்பு என்று சொல்லலாம்?

மனிதர் வைத்த பெட்டி இல்லாமல், தானே தேடிய பொந்தில் குஞ்சு பொரித்து இந்த இனம் குறையாமல் நிலைக்கும்போது. அதுவரை அதை மீட்பு என்பது தவறு.