கியர் போட்டால் சத்தமா? எஞ்சினைப் பிரிக்கும் முன் பாருங்கள்

கியர் மாற்றும்போது பைக் ‘டக்’கென்று சத்தம் போட்டதும் பலருக்கும் முதலில் வருவது, “கியர் பாக்ஸ் போச்சோ?” என்ற பயம்தான். அந்தப் பயத்திலேயே எஞ்சினைப் பிரிக்கச் சம்மதித்துவிட்டால் ஆயிரக்கணக்கில் செலவு. ஆனால் இந்தச் சத்தங்களில் பெரும்பாலானவை கியர் கோளாறால் வருவதே இல்லை. கிளட்ச் கேபிள், ஆயில், செயின், பின்சக்கர டிரம்முக்குள் இருக்கும் ரப்பர் என்று எஞ்சினைத் திறக்காமலே பார்க்கக்கூடிய இடங்களில்தான் கோளாறு இருக்கும்.

இன்றைய பைக்குகளின் கியர் பாக்ஸில் எல்லா கியர்களின் பற்களும் எந்நேரமும் ஜோடி ஜோடியாகக் கோத்தபடியே சுற்றுகின்றன. லீவரை மிதிக்கும்போது, ஒரு கியரின் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் கனமான முட்டுகள் பக்கத்துக் கியரின் இடைவெளிக்குள் போய் மாட்டிக்கொள்கின்றன. நின்ற வண்டியில் நியூட்ரலிலிருந்து முதல் கியர் போடும்போது ஒரு பக்கம் எஞ்சின் வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். மறுபக்கம் பின்சக்கரத்தோடு சேர்ந்து அசையாமல் நிற்கும். இரண்டும் சந்திக்கும்போது ஒரு ‘டக்’ வரத்தான் செய்யும். ஷோரூமிலிருந்து வந்த புது வண்டியிலும் வரும். காலையில் முதல்முறை போடும்போது இன்னும் பலமாகக் கேட்கும். ஆறிப்போன ஆயிலில் கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பதே அதற்குக் காரணம்.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் ‘கரக்’கென்று இடித்து, கிளட்ச்சைப் பிடித்திருக்கும்போதே வண்டி முன்னால் நகரப் பார்க்கிறதா? சிக்னலில் நியூட்ரல் விழ மறுக்கிறதா? அப்படியானால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. முதலில் கேபிளைப் பாருங்கள். பெரும்பாலான 100, 125 சிசி வண்டிகளில் கிளட்ச் லீவரின் நுனி 10 முதல் 20 மி.மீ. வரை லேசாக ஆடலாம். அதைவிடத் தொளதொளவென்று இருந்தால் பிளேட்டுகள் பிரியாது. லீவரிடமோ, எஞ்சின் பக்கமோ உள்ள அட்ஜஸ்டரைத் திருகிச் சரிசெய்துவிடலாம். பத்து நிமிட வேலை. கேபிளின் இழைகள் பிரிந்திருந்தால் புதிது மாற்றிவிடுவதே நல்லது.

அடுத்தது ஆயில். பெரும்பாலான பைக்குகளில் எஞ்சினுக்கும் கிளட்ச்சுக்கும் கியர் பாக்ஸுக்கும் ஒரே ஆயில்தான். கியர் பற்களுக்கிடையே நசுங்கி நசுங்கி அது நீர்த்துப்போகும். கியர் விழுவது கடினமாகும். மேனுவலில் சொன்ன கிரேடையே ஊற்ற வேண்டும். டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கார் ஆயில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஊற்றினால் கிளட்ச் வழுக்கத் தொடங்கலாம்.

கியர் விழும் நொடியில் இல்லாமல், கிளட்ச்சை விடும்போதோ ஆக்சிலேட்டரைக் குறைத்து மறுபடி முறுக்கும்போதோ ‘டங்’கென்று கேட்டால் சந்தேகத்தைப் பின்பக்கம் திருப்ப வேண்டும். சத்தம் எந்த நொடியில் வருகிறது என்பதுதான் இங்கே மிகப் பெரிய தடயம். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்க்கலாம். சாதாரண வண்டிகளில் 20 முதல் 30 மி.மீ. ஆட்டம் சரியான அளவு. ஓரிடத்தில் மட்டும் பார்த்தால் போதாது. சக்கரத்தைக் கையால் சுற்றி நாலைந்து இடங்களில் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் விறைப்பாகவும் இன்னோரிடத்தில் தொய்வாகவும் இருந்தால் செயின் சீராகத் தேயவில்லை என்று பொருள். அதை எத்தனை முறை இழுத்துக் கட்டினாலும் பயனில்லை. பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைக்கோடியில் செயினைப் பிடித்து இழுக்கும்போது பாதிப் பல் வெளியே தெரிந்தால் செயின், இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகள் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

செயின் நன்றாக இருந்தும் ‘டங்’ போகவில்லையென்றால் டிரம் ரப்பர்தான் மிச்சம். சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு ஸ்ப்ராக்கெட்டை முன்னும் பின்னும் ஆட்டினால், ரப்பர் நைந்துபோயிருந்தால் கையிலேயே தெரிந்துவிடும். விலை குறைந்த பொருள் என்பதாலோ என்னவோ, பல பட்டறைகளில் கடைசியாகத்தான் இதைப் பார்க்கிறார்கள்.

எஞ்சினைத் திறந்தே ஆக வேண்டிய நேரமும் உண்டு. ஒரே ஒரு கியரில் மட்டும் ஊளைச் சத்தம் கேட்டால் அந்த ஜோடி கியரில் குறை. நியூட்ரலில் ஓடும்போது வரும் இரைச்சல் கிளட்ச்சைப் பிடித்ததும் நின்றால் கிளட்ச் பக்கமோ, கியர் ஷாஃப்ட் பேரிங்கோ தேய்ந்திருக்கலாம். முறுக்கும்போது இரண்டாவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்குப் போகிறதென்றால் முட்டுகள் மழுங்கிவிட்டன, அல்லது உள்ளே கியரைத் தள்ளும் ஃபோர்க் வளைந்துவிட்டது. இதைத் தள்ளிப்போடக் கூடாது. வடித்த ஆயிலில் இரும்புச் சில்லுகள் கிடந்தாலும் அப்படித்தான்.

ஒன்றை மட்டும் மறக்கவே வேண்டாம். செயினைத் துடைக்கவோ எண்ணெய் விடவோ எஞ்சினை ஓடவிட்டுக் கியரில் போட்டுச் சக்கரத்தைச் சுற்றவிடுபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். துணி செயினில் சிக்கினால் கண்ணிமைக்கும் நேரத்தில் விரல் ஸ்ப்ராக்கெட்டுக்குள் போய்விடும். எஞ்சினை அணையுங்கள், சாவியை எடுத்துவிடுங்கள், சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.