புலித்தலை ராட்சசனும் இருபது முகப் பகடையும்

தாயம், பல்லாங்குழி, பரமபதம். விளையாட்டு என்றால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இவைதான் நினைவுக்கு வரும். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்காகப் பரமபத அட்டையை விரித்து உட்கார்ந்த அனுபவம் வாசக அன்பர்களில் பலருக்கும் இருக்கும். எங்கள் சமணர்களிடமும் இதே விளையாட்டு உண்டு. வடக்கே அதை ஞான சௌபர் என்பார்கள். 84 கட்டம் போட்ட பலகைகள் அதில் பிரசித்தம். உச்சியில் சித்தசிலை இருக்கும். ஏணி கிடைத்தால் நற்கதி, பாம்பு கடித்தால் கீழ்க்கதி. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த ஆட்டத்தில் ஆடுகிறவர் செய்வதற்கு ஒன்றுமே கிடையாது. பகடை விழுகிறது, காய் நகர்கிறது. வினைப்பயனைச் சொல்ல வந்த விளையாட்டில் வினை செய்ய இடமே இல்லையே என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு குறை.

அந்தக் குறை இல்லாத விளையாட்டு ஒன்று 1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது. பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். பாதாளச் சிறைகளும் டிராகன்களும் என்று பொருள் கொள்ளலாம். என் இளைய மகனும் அவன் சிநேகிதர்களும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் புனே வீட்டு ஹாலில் கூடி இதை ஆடுவார்கள். முதலில் டீ கொடுக்கப் போன நான், பிறகு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தேன். இப்போது எனக்கும் ஒரு பாத்திரம் இருக்கிறது. காகிதக் கடைக்காரருக்கு இது என்ன வேலை என்று கேட்பவர்கள் கேட்கட்டும். வீட்டில் வயதுப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு இந்த விளையாட்டு என்னவென்று தெரிந்திருப்பது நல்லது.

பலகை அவசியமில்லை. வெற்றி தோல்வி கிடையாது. நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதை நடத்துவார். நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்கிற வேலையில் பாதியை இவர் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடத்தை வர்ணிப்பார், வழியில் எதிர்ப்படுகிறவர்களுக்காகப் பேசுவார், கடைசியில் எல்லோரையும் பார்த்து ஒரே கேள்வி கேட்பார்: ‘இப்போ என்ன செய்யறீங்க?’ மற்ற ஒவ்வொருவரும் ஒரு வீரனாகவோ, மந்திரவாதியாகவோ, திருடனாகவோ இருந்து பதில் சொல்ல வேண்டும். பாலத்தைத் தாண்டலாம், காவல்காரனுக்குக் காசு கொடுக்கலாம், வந்த வழியே திரும்பியும் போகலாம். முடிவு சந்தேகமாக இருக்கும் இடத்தில்தான் பகடை உருளும்.

கணக்குப் பிடித்தவர்களுக்கு இதில் நல்ல தீனி உண்டு. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வலிமை, சுறுசுறுப்பு, உடலுறுதி, அறிவு, விவேகம், வசீகரம் என்று ஆறு குணங்கள். பழைய முறைப்படி ஒவ்வொன்றுக்கும் மூன்று பகடைகளை உருட்டிக் கூட்ட வேண்டும். மூன்று பகடை 216 விதமாக விழலாம். அதில் 18 வருவது ஒரே ஒரு விதத்தில்தான். 10 வருவதற்கு 27 வழி, 11 வருவதற்கும் 27 வழி. ஆகவே பெரும்பாலோர் நடுத்தர மனிதர்களாகவே பிறப்பார்கள், உலகத்தில் போலவே. இந்த எண்களை எழுதி வைக்கும் தாள் ஏறக்குறைய நம் பேரேடு மாதிரிதான். வரவு, செலவு, கையிருப்பு எல்லாம் அதில் உண்டு.

செயல்களுக்கு இருபது முகப் பகடை. 15-க்கு மேல் விழுந்தால் தாண்டிவிடலாம் என்று கதை நடத்துபவர் சொன்னால், 15-ஐயும் சேர்த்து இருபதில் ஆறு வாய்ப்பு. உங்கள் பாத்திரத்துக்குச் சுறுசுறுப்பால் மூன்று கூடுதல் உண்டென்றால் 12 விழுந்தாலே போதும், இருபதில் ஒன்பது வாய்ப்பு. நான்கு, ஆறு, எட்டு, பன்னிரண்டு, இருபது என்ற முக எண்ணிக்கையில் வரும் பகடைகள், கிரேக்கர்கள் சொன்ன ஐந்து சீர்வடிவங்கள்தாம். கணிதம் கற்பிப்பதற்காகப் பள்ளிக்கூடச் சாமான் பட்டியலில் விற்றுக்கொண்டிருந்தவற்றை இந்த ஆட்டக்காரர்கள் கண்டெடுத்தார்கள். தாயக்கட்டை உருட்டிய நமக்கு இருபது முகம் விநோதமாகத் தெரியும். எகிப்தில் தாலமி மன்னர்கள் காலத்திலேயே இருபது முகப் பகடை இருந்திருக்கிறது.

இதன் மூலம் போர்ப்பயிற்சி. 1824-இல் பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ், வரைபடத்தின் மேல் படைக்கட்டைகளை நகர்த்தி ஆடும் முறையை வெளியிட்டார். அது கைமாறிக் கைமாறி அமெரிக்காவில் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் பொழுதுபோக்காயிற்று. மினசோட்டா மாநிலத்தில் டேவ் ஆர்னெசன் என்ற இளைஞர் 1970-களின் தொடக்கத்தில் ஒரு மாற்றம் செய்தார். ஆளுக்கு ஒரு படை என்பதை விட்டு ஆளுக்கு ஒரு மனிதன் என்றார். அந்த மனிதர்களைக் கோட்டைக்கு அடியில் இருக்கும் சுரங்கங்களுக்கு அனுப்பினார். விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் கேரி கைகாக்ஸ், இன்சூரன்ஸ் வேலை போய், செருப்புத் தைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். ஆர்னெசனின் ஆட்டத்தைப் பார்த்தவர் அதை விதிகளாக எழுதினார். சிநேகிதர்கள் போட்ட சிறு முதலில் டி.எஸ்.ஆர். என்ற கம்பெனி பிறந்தது. முதல் பதிப்பு 1000 பெட்டிகள். பெட்டிக்கு மூன்று சின்னப் புத்தகம், விலை 10 டாலர். வீட்டில் உட்கார்ந்து கையால் அடுக்கி விற்றார்கள். கடைக்காரன் என்ற முறையில் இந்த இடத்தில் எனக்கு அவர்கள் மேல் தனி மரியாதை. பிறகு கூட்டாளிகளுக்குள் சண்டை, வழக்கு எல்லாம் வந்தது. 1997-இல் கம்பெனி கைமாறியது. கைகாக்ஸ் 2008-இலும் ஆர்னெசன் 2009-இலும் காலமானார்கள்.

இனி படங்களுக்கு வருகிறேன். என்னை இழுத்துப் பிடித்தது உண்மையில் இவைதான்.

இல்லாத ஒன்றை எப்படி வரைவது? ஆரம்பத்தில் ஆடுவதற்குப் பூதப் பொம்மைகள் கிடைக்காமல், கைகாக்ஸ் மலிவுக் கடையில் ஹாங்காங் பிளாஸ்டிக் பொம்மைப் பை ஒன்று வாங்கினார். எந்த மிருகம் என்றே சொல்ல முடியாத வடிவங்கள். ஒன்றின் வால் நுனியில் விசிறி மாதிரி ஏதோ இருந்தது. அதை இரும்பைத் துருவாக்கித் தின்னும் பிராணி என்று வைத்துக்கொண்டார். இன்னொன்று ஆந்தைத் தலைக் கரடி ஆனது. பிறகு ஓவியர்கள் அவற்றை வரைந்தார்கள், படம் புத்தகத்தில் ஏறியது, உலகம் முழுவதும் அதுவே நிலைத்துவிட்டது. நாம் சிரிக்க வேண்டியதில்லை. நம் வீட்டுப் பூஜை அறைச் சுவாமிகளின் முகம் எங்கிருந்து வந்தது? இங்கே லோணாவளாவுக்குப் பக்கத்தில் மளவலியில் ஓடிய ரவிவர்மா அச்சகத்திலிருந்தும், கோவில்பட்டி கொண்டையராஜு வரைந்து சிவகாசியில் அச்சான காலண்டர்களிலிருந்தும் வந்ததுதானே.

பழைய ஓவியர்களில் எனக்குப் பிடித்தவர் டேவிட் டிராம்பியர். 1978-இல் வந்த ஆட்டக்காரர் கைநூலின் அட்டைப்படம் அவருடையது. பிரம்மாண்டமான ஒரு பூதச் சிலை. இரண்டு திருடர்கள் அதன் மேல் ஏறி, கண்ணில் பதித்த ரத்தினத்தை நெம்புகிறார்கள். கீழே பல்லி மனிதர்களின் பிணங்கள். ஒருவன் கத்தியைத் துடைக்கிறான், வேறு சிலர் வரைபடம் பார்க்கிறார்கள். சண்டை முடிந்த பிறகு நடக்கும் வேலையை வரைந்திருக்கிறார் மனிதர். வீரம் என்று பெயர் சொல்லி நடந்தது என்ன என்பது அந்த ஒரு படத்திலேயே தெரிந்துவிடுகிறது. 1983-இன் சிவப்புப் பெட்டிக்கு லாரி எல்மோர் வரைந்த டிராகன் பார்க்கக் கண்கொள்ளாக் காட்சிதான். இருந்தாலும் எனக்கு டிராம்பியரின் மசிக்கோடுதான் உசத்தி. அவர் 1980-களின் இறுதியில் வரைவதையே விட்டுவிட்டு, இலினாய் மாநிலத்தில் கார்பன்டேல் என்ற ஊரில் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தார். 2014-இல் இறந்துபோனார்.

1977-இல் வந்த பூத நூலில் நம் ராட்சசனும் இருக்கிறான். அவனுக்குப் புலித்தலை! உடம்பில் ஐரோப்பியப் பிரபுக்கள் வீட்டில் அணியும் அங்கி, கையில் புகைக்குழாய். முதலில் பார்த்தபோது எனக்கு வந்த சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆயிற்று. வால்மீகியிடமும் கம்பரிடமும் ராட்சச குலத்துக்கு இப்படி ஓர் அடையாளம் கிடையாதே! தேடிப் பார்த்ததில் விஷயம் சுவாரசியமானது. 1974 டிசம்பரில் கோல்சாக் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் ராட்சசன் வரும் கதை ஒன்று ஒளிபரப்பானது. அதில் ராட்சசன், நாம் யாரை அதிகம் நம்புகிறோமோ அவர் உருவில் வருவான். மந்திரித்த குறுக்குவில் அம்பால்தான் சாவான். இந்த இரண்டும் அப்படியே விளையாட்டு விதியாகிவிட்டன. புலித்தலை மட்டும் தொடரில் இல்லை, அது புத்தகத்தோடு வந்தது. பிந்தைய பதிப்புகளில் அவன் உள்ளங்கையும் புறங்கையும் இடம் மாறிக்கொண்டன. இன்றும் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறான்.

அந்தத் தொலைக்காட்சிக் கதையில் இன்னொன்றும் உண்டு. ராட்சசனை விரட்ட வந்த இந்துக் கிழவர் ஒருவர் தெருச்சுவர்களில் காப்பாக ஸ்வஸ்திகம் வரைவார். அந்தத் தெருவில் இருப்பதோ யூத முதியவர்கள். நாஜிகள் வந்துவிட்டார்கள் என்று நடுங்குவார்கள். தீபாவளிக்குப் புதுக்கணக்கில் ஸ்வஸ்திகம் போடும் நான் அதைப் படித்துவிட்டு நெடுநேரம் சும்மா இருந்தேன். ஒரே கோடுகள்தான். ஒருவருக்குக் காவல், மற்றவருக்குப் பூதம்.

ராட்சசனுக்கு வேறு முகம் கொடுத்தது அமெரிக்கர்கள் மட்டுமல்ல. விமலசூரி பிராகிருதத்தில் எழுதிய பௌமசரியம் என்ற எங்கள் ராமாயணத்தில் ராட்சசர்கள் பூதங்களே அல்லர். வித்யாதரர் என்னும் மனிதக் குலத்தில் ஒரு பிரிவினர். வானரர்களும் குரங்குகள் அல்லர், குரங்குக் கொடி உடையவர்கள். ராவணனுக்கும் ஒரு தலைதான். அவன் குழந்தையாக இருந்தபோது அணிந்த மாலையின் மணிகளில் முகம் ஒன்பதாகப் பிரதிபலித்ததால் தசமுகன் என்று பெயர் வந்தது. எதற்கு இதைச் சொல்கிறேன் என்றால், ஒருவனைப் பத்துத்தலையாகவோ புலித்தலையாகவோ வரைந்துவிட்டால் அவனைக் கொல்வது எளிதாகிவிடுகிறது. பிள்ளைகளும் கை கூசாமல் பகடையை உருட்டிவிடுவார்கள்.

‘அப்பா, இது வெறும் பேச்சுதானே, யாரைக் கொன்னோம்?’ என்று மகன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் தமிழ்ச் சமணனாகப் பிறந்தவனுக்கு யசோதர காவியம் ஞாபகம் வராமல் போகுமா? ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்று அது. மன்னன் யசோதரன் உயிர்க்கொலை வேண்டாமென்று, தாய் சொல்படி மாவால் செய்த கோழியை அம்மனுக்குப் பலி கொடுக்கிறான். மாக்கோழிதான். ஆனாலும் வெட்டும்போது கோழியை வெட்டுவதாக எண்ணினான் அல்லவா? அந்த எண்ணத்துக்காகத் தாயும் மகனும் விலங்குப் பிறவிகள் பல எடுத்து உழல்கிறார்கள். மகன் கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘அப்போ கொல்லாம ஆடலாம்ப்பா, விதியில தடை இல்லை’ என்றான். அவன் சொன்னது சரி. எனக்கு அதுவரை தெரியாத விதிகளை அப்புறம்தான் எடுத்துக் காட்டினான்.

1974 விதிப்படி, எதிர்ப்படும் பூதம் உடனே பாய வேண்டும் என்பதில்லை. இரண்டு பகடை உருட்ட வேண்டும். 2 முதல் 5 வரை பகை, 6 முதல் 8 வரை சந்தேகம், 9-க்கு மேல் சிநேகம். 36 வாய்ப்பில் பகை 10, சிநேகமும் 10, மீதி 16 நாம் பேசும் பேச்சைப் பொறுத்தது. போதாததற்கு அக்காலத்தில் அனுபவப் புள்ளி, கொன்றதற்குக் குறைவாகவும் கொண்டுவந்த பொன்னுக்கு அதிகமாகவும் கிடைத்தது. ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி. புத்திசாலிகள் பூதம் தூங்கும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். அதுவும் திருட்டுதான், அதைப் பற்றி அஸ்தேய விரதம் என்ன சொல்லும் என்று நீங்கள் கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. என் பாத்திரம் குருமார் வகுப்பு. பழைய விதியில் குருமார் கூர்மையான ஆயுதம் எடுக்கக் கூடாது. அகிம்சை என்று சந்தோஷப்பட்டேன். தடியால் மண்டையை உடைக்கலாமாம்!

அமெரிக்காவில் 1980-களில் இந்த விளையாட்டு பிள்ளைகளைச் சாத்தான் வழிபாட்டில் தள்ளும் என்று பெரிய கூச்சல் எழுந்தது. அதற்குப் பயந்து 1989-இன் இரண்டாம் பதிப்பில் பேய், பிசாசு என்ற சொற்களையே எடுத்துவிட்டு வாயில் நுழையாத பெயர்களை வைத்தார்கள். நம்மவர்களுக்கு உறுத்தக்கூடியது வேறு. 1980-இல் வந்த தெய்வங்கள் நூலில் இந்திரன், அக்கினி, யமன் முதலியோருக்கும் உயிர்ப்புள்ளி போட்டிருக்கிறார்கள். புள்ளி தீர்ந்தால் அவர்களும் காலி. பக்கத்து வீட்டு மாமி இதைக் கேட்டு முகம் சுளித்தார். எங்கள் சித்தாந்தத்தில் தேவர்களுக்கும் ஆயுள் வரம்பு உண்டென்பதால் எனக்கு அவ்வளவு அதிர்ச்சி இல்லை.

சென்ற ஆண்டு எங்கள் மேசையில் விமலசூரியின் இலங்கையை வைத்து ஆட ஆரம்பித்தோம். புலித்தலையை எடுத்துவிட்டோம், குறுக்குவில் விதியையும் எடுத்துவிட்டோம். ‘அப்போ ராவணனை எப்படி அங்கிள் ஜெயிக்கிறது?’ என்று ஒரு மராத்திப் பையன் கேட்டான். அதற்கு இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை. விபீஷணனிடம் பேச்சுவார்த்தை நான்கு ஞாயிறாக நடக்கிறது.

ஆரம்பிக்க விரும்பும் குடும்பங்களுக்கு: அடிப்படை விதிகளைக் கம்பெனியே இலவசமாகத் தருகிறது. ஏழு பகடை கொண்ட செட் ஒன்று, பென்சில், நான்கு பேர், மூன்று நான்கு மணி நேரம் போதும். படப் புத்தகங்கள் விலை அதிகம், அவசரப்பட்டு வாங்க வேண்டாம். ராட்சசன் எப்படி இருப்பான் என்று முதலில் பிள்ளைகளையே வரையச் சொல்லுங்கள். தாளுக்கு நம் கடை இருக்கிறது.