பத்மினியின் ஸ்டியரிங் தண்டு

பழைய காரின் முன்பகுதியைப் புதுப்பிக்கும்போது கடைசியாக நினைவுக்கு வருவது ஸ்டியரிங் தண்டு. சஸ்பென்ஷன் மாறும், டிஸ்க் பிரேக் ஏறும், வார்ம் கியர் பெட்டி இருந்த வண்டிக்கு ரேக் ஸ்டியரிங் வரும். டிரைவரின் கையில் இருக்கும் வீலும் அதன் கீழுள்ள தண்டும் மட்டும் பழையவையாகவே இருக்கும். பழைய தண்டின் கீழ்முனை புதிய ரேக்கின் பினியனோடு நேராகப் பொருந்துவது அபூர்வம். உயரம் மாறியிருக்கும், சாய்வு மாறியிருக்கும், பல நேரம் நடுவே எஞ்சின் நிற்கும்.

இந்தியாவில் இந்தச் சிக்கல் முழு அளவில் தெரிவது பிரீமியர் பத்மினியில். 1964-இல் மும்பை குர்லாவில் ஃபியட் 1100 டிலைட்டாகத் தொடங்கி, எழுபதுகளில் பத்மினி ஆகி, 2000-ஆம் ஆண்டையொட்டி நின்றுபோன கார் அது. டாக்ஸியாக அதன் காலம் மும்பையில் 2023 அக்டோபரில் முடிந்தது. சொந்த வண்டியாக மும்பையிலும் புனேயிலும் இன்னும் பலரிடம் இருக்கிறது. அம்பாசிடருக்குப் பிறவியிலேயே ரேக் ஸ்டியரிங் உண்டு. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கும் அப்படியே. பத்மினியில் வார்ம் கியர் பெட்டியை எடுத்துவிட்டு ரேக் வைப்பவர் எல்லாவற்றையும் புதிதாக அளக்க வேண்டும்.

அளவைத் தொடங்க வேண்டிய இடம் டிரைவர் சீட். வீல் எங்கே இருந்ததோ அங்கேயே இருக்க வேண்டும். வெளி உறைக்குழாய், டாஷ்போர்டுக்குக் கீழுள்ள பிடிப்பு, ஹாரன் கம்பி, இண்டிகேட்டர் சுவிட்ச் எதையும் தொடக்கூடாது. பத்மினியில் இதற்கு இன்னொரு காரணம் ஹேண்ட் கியர். கியர் லீவரும் அந்தக் குழாயைச் சார்ந்தே இயங்குகிறது. குழாயை மாற்றினால் கியர் இணைப்பு முழுவதையும் மாற்ற வேண்டிவரும், பத்மினியை ஓட்டும் அனுபவமும் அத்தோடு போய்விடும். எனவே குழாயை வைத்துக்கொண்டு, உள்ளே ஓடும் தண்டை மட்டும் ஃபயர்வாலை ஒட்டி முடித்து, அங்கே ஒரு பேரிங் கொடுத்து, கீழே புதிய துண்டை யுனிவர்சல் ஜாயின்ட்டால் இணைப்பதே சரியான வழி. நவீன காரின் தண்டையும் உறைக்குழாயையும் அப்படியே தூக்கி வைப்பது எளிது என்பவர்களும் உண்டு.

யுனிவர்சல் ஜாயின்ட்டுக்கு ஒரு குணம் உண்டு. மேல்தண்டு சீராகச் சுழன்றாலும் கீழ்த்தண்டு சீராகச் சுழலாது. ஒரு சுற்றுக்குள் இருமுறை வேகம் கூடி, இருமுறை குறையும். கோணம் 20 டிகிரி என்றால் இந்த ஏற்றத்தாழ்வு சுமார் 6 சதவீதம். 30 டிகிரியில் அது 15 சதவீதத்தைத் தொடுகிறது. வீல் ஓரிடத்தில் இளகி, இன்னோரிடத்தில் இறுகுவதாகக் கை உணரும். இரண்டு ஜாயின்ட் போட்டு, இரண்டின் கோணத்தையும் சமமாக வைத்து, நடுத்தண்டின் இரு முனைக் கவைகளையும் ஒரே திசையில் நிறுத்தினால் ஒன்றின் பிழையை மற்றது ஈடுகட்டிவிடும். கவை 90 டிகிரி திரும்பிப்போனால் பிழை இரட்டிப்பாகும். மூன்றாவது ஜாயின்ட் தேவைப்பட்டால் இடையில் தாங்கு பேரிங் கட்டாயம். இல்லாவிட்டால் தண்டு கயிறு திரிவதுபோல் அலையும். புனேயிலிருந்து மும்பைக்குப் போகும் வண்டி கண்டாலா மலைப்பாதையின் வளைவுகளில் இறங்கியாக வேண்டும். அங்கே இந்தக் கணக்கு எதுவும் ஏட்டளவில் நிற்பதில்லை.

இவற்றையெல்லாம் சரியாகச் செய்துவிட்டு, கடைசியில் தண்டை வெல்டிங் செய்து ஒட்டுவதுதான் நடக்கிறது. இதைவிட ஆபத்தான சுருக்குவழி இந்த வேலையில் இல்லை. பழைய தண்டு எந்த எஃகு என்று பட்டறையில் யாருக்கும் தெரியாது. கார்பன் அதிகமுள்ள எஃகை முன்சூடு இல்லாமல் வெல்டிங் செய்தால், வெல்டிங்குக்குப் பக்கத்திலுள்ள வளையம் கடினமாகி நொறுங்கும் தன்மை அடையும். மேலே பளபளப்பாகத் தேய்த்து வைத்த ஒட்டுக்குக் கீழே மயிரிழை விரிசல் இருந்தால் கண்ணால் பார்த்து அறிய முடியாது. பிரேக்குக்கு ஹேண்ட் பிரேக் என்றொரு மாற்று இருக்கிறது. ஸ்டியரிங்குக்கு மாற்று எதுவுமே இல்லை. முனையில் ஸ்ப்ளைன் வெட்டி, அல்லது இருபுறமும் தட்டையாகச் சீவி, அதே வடிவத் துளையுள்ள ஜாயின்ட்டைச் செருக வேண்டும். தண்டில் குழி போட்டு அதில் ஸ்க்ரூவை இறக்கி, லாக் நட்டால் பூட்ட வேண்டும். இப்படிச் செய்தால் திருகுவிசையைத் தாங்குவது உலோகத்தின் வடிவம். ஸ்க்ரூவின் வேலை ஜாயின்ட் கழலாமல் காப்பது மட்டுமே. நல்ல லேத்தும் பொறுமையும் இருந்தால் போதும். புனேயில் லேத்துக்குப் பஞ்சமே இல்லை.

ஜாயின்ட்டால் இன்னொரு நன்மையும் உண்டு. வீலிலிருந்து பெட்டிவரை மடங்காத நீண்ட தண்டு வைத்திருப்பது அந்தத் தலைமுறைக் கார்கள் பெரும்பாலானவற்றின் குறை. முன்மோதலில் அது டிரைவரின் மார்பை நோக்கிப் பின்வாங்கும். அமெரிக்காவில் 1968 முதல், மணிக்கு 48 கிலோமீட்டர் மோதல் சோதனையில் தண்டு 127 மில்லிமீட்டருக்கு மேல் பின்னால் வரக்கூடாது என்று விதி வந்தது. இந்தியாவில் இதற்கு ஏ.ஐ.எஸ்.-096 தரம் உள்ளது. இரண்டு கோணங்களில் மடிந்த தண்டு, நடுவில் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாயோடு அமைந்தால், மோதலில் மடங்கி ஒடுங்கும். பட்டறையில் செய்தது சோதனைச்சாலையில் தேறியதாகாது; ஆனாலும் ஈட்டிபோல் நிற்கும் பழைய தண்டைவிட எவ்வளவோ மேல்.

ரேக்கின் இடத்திலும் கவனம் தேவை. அச்சுக்கு முன்னால் இருக்க வேண்டிய ரேக்கைப் பின்னால் வைத்தால் வீலை இடப்பக்கம் திருப்ப வண்டி வலப்பக்கம் போகும். டை ராடின் நீளமும் சஸ்பென்ஷன் கீழ்க்கையின் நீளமும் ஒத்துப்போகாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் தானாகத் திரும்பும். மின் பவர் ஸ்டியரிங் மோட்டாரைத் தண்டிலேயே பொருத்துவதும் இப்போது பரவியிருக்கிறது. அதற்கு உறைக்குழாயையே வெட்ட வேண்டியிருப்பதால் ஹேண்ட் கியர் உள்ள பத்மினிக்கு அது ஒத்துவராது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டியை விலகச் செய்யும் மாற்றத்தைக் கட்டுப்படுத்துகிறது. 2021 ஜூலையில் வந்த பழங்கால வாகன விதிகள் 50 வயது தாண்டிய, வணிகத்துக்குப் பயன்படுத்தாத வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ எழுத்துகளோடு தனிப் பதிவு தருகின்றன; சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது என்பது நிபந்தனை. 1974-இல் வந்த பத்மினி 2024-இலேயே இந்த வயதைத் தொட்டுவிட்டது. ரேக்குக்காக முன்பகுதித் தகட்டை வெட்டிய வண்டிக்கு அந்தப் பதிவு கிடைப்பது கடினம். எனவே ரேக்கின் தாங்கியைப் பழைய போல்ட் துளைகளிலேயே பிடிக்குமாறு அமைப்பதும், வெட்டுவதற்கு உடைப்புக்கடையில் வேறொரு தண்டை வாங்கி, வண்டியோடு வந்த தண்டையும் பெட்டியையும் எண்ணெய் பூசிப் பத்திரப்படுத்துவதும் வேலை தொடங்கும் முன்பே முடிவாக வேண்டியவை.