ஐந்து வருடம் உழைக்க வேண்டிய மடிக்கணினி: மன்னாரில் எதைப் பார்த்து வாங்குவது?

பிள்ளை பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானதும் மன்னாரில் பல வீடுகளில் எழும் முதல் கேள்வி, மடிக்கணினிக்குக் காசு எங்கே என்பதுதான். சிலரிடமிருந்து காணியையும் படகையும், சிலரிடமிருந்து வீட்டுக்கு உழைத்துப் போட்ட ஆளையுமே போர் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியிருப்பது அடகு வைக்க ஒரு சோடிக் காப்பு, அல்லது வெளிநாட்டில் இருக்கும் ஒரு சகோதரம். அந்தக் காசில் ஒருமுறைதான் வாங்கலாம். வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ படிப்பு முடியும்வரை அது உழைக்க வேண்டும். பின்னால் வரும் தம்பி, தங்கைக்கும் மிஞ்சினால் இன்னும் நல்லது.

கடையில் முதலில் காட்டுவது திரையின் பளபளப்பையும் 'ஐ7' என்ற ஸ்டிக்கரையும்தான். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: வாங்கிய பிறகு எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது? மாற்ற முடியாததில்தான் காசைப் போட வேண்டும்.

அதில் முதலாவது புரொசசரின் தலைமுறை. விண்டோஸ் 10க்கான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொண்டால் இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். விண்டோஸ் 11 முறைப்படி இயங்க இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையாவது தேவை. ஐ5-8250யு என்றால் 8ஆம் தலைமுறை, ஐ5-1135ஜி7 என்றால் 11ஆம் தலைமுறை. ஐ7-6500யு என்ற பழைய புரொசசரில் இருப்பவை இரண்டு கருக்கள்தான். 'குறைந்த' ஐ5-8250யுவில் நான்கு. ஆகவே ஸ்டிக்கரில் உள்ள 5, 7 என்பதைவிட அதற்கு அடுத்து வரும் இலக்கம்தான் முக்கியம். ஐந்து வருடத் திட்டம் என்றால் 11ஆம் தலைமுறைக்குக் கீழே இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

அடுத்தது ரேம். 8 ஜிபி இன்றைக்குப் போதும், ஐந்து வருடத்துக்குப் போதாது. 16 ஜிபி எடுக்க வசதியில்லை என்றால், பிறகு கூட்டக்கூடிய இடம் உள்ளே இருக்கிறதா என்று கேளுங்கள். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். 2025 இறுதியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியிருப்பதால், 'பிறகு போடலாம்' என்பதும் முன்போல மலிவான யோசனை அல்ல. ஹார்ட் டிஸ்க் உள்ளதை எஸ்.எஸ்.டி.க்கு மாற்றுவது சுலபம். ஆனால் மலிவு விலை செலரோன் கணினிகளில் வரும் 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பகத்தை மாற்ற முடியாது. புதியது, பெட்டி உடைக்காதது என்றாலும் அதை வாங்க வேண்டாம்.

இனி எங்கள் ஊருக்கே உரிய விடயங்கள். தீவின் கரையில் தம்பபவனியின் 30 காற்றாலைகள் சுழல்கின்றன. ஆனாலும் 2022 மார்ச் இறுதியில் 13 மணி நேர மின்வெட்டை நாங்களும்தான் அனுபவித்தோம். 2025 பெப்ரவரியில் பாணந்துறையில் ஒரு குரங்கு நாடு முழுவதையும் இருளாக்கியது. ஆகவே எங்களுக்குப் பற்றரி ஆடம்பரம் அல்ல. 50 வாட்-மணிக்குக் குறையாமல் பாருங்கள். பாவித்த கணினி என்றால் விண்டோசில் பற்றரி அறிக்கையை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போதையதும் அதில் தெரியும். யு.எஸ்.பி. சி வழியாக சார்ஜ் ஏறுமானால், சார்ஜர் பழுதானாலும் வேறொன்று தேடுவது சுலபம்.

உப்பைப் பற்றி எந்த விளம்பரமும் பேசுவதில்லை. சோளகக் காலத்தில் தலைமன்னாரிலும் பேசாலையிலும் காற்று மணலையும் உப்பையும் வீட்டுக்குள்ளேயே கொண்டுவரும். உப்பு ஈரத்தை இழுத்துவைத்து, பிளக் துளைகளையும் விசிறியையும் மெல்ல அரிக்கும். கடல் பக்கத்து யன்னலடியில் கணினியை வைக்காதீர்கள். பாவிக்காத நேரம் பையில் வையுங்கள். வருடம் ஒருமுறை திறந்து விசிறியைத் துப்புரவாக்கச் சொல்லுங்கள். இதனால்தான் பின்பக்க ஆணிகளைக் கழற்றித் திறக்கக்கூடிய திங்க்பாட், லற்றிற்யூட் போன்ற அலுவலக வகைகளை, பாவித்ததாக இருந்தாலும், நான் விரும்புகிறேன். அவற்றின் உதிரிப்பாகங்களைத் திருத்துபவர்கள் எடுத்துத் தருவார்கள்.

வெளிநாட்டிலிருந்து அனுப்பும் உறவுகளுக்கும் சில சொல்ல வேண்டும். பிரான்சில் வாங்கியதன் விசைப்பலகையில் 'கியூ' இருக்கும் இடத்தில் 'ஏ' இருக்கும். இலக்கம் அடிக்க ஷிஃப்ட் அழுத்த வேண்டும். ஜெர்மனியிலும் சுவிசிலும் 'வை'யும் 'இசட்'டும் இடம் மாறியிருக்கும். மென்பொருளில் மாற்றலாம், ஆனால் விசையில் அச்சிட்ட எழுத்து மாறாது. ஆய்வுகூடத்தில் வேறு விசைப்பலகையில் பழகும் பிள்ளைக்கு இது நாள்தோறும் தொல்லை. நிறுவனங்கள் கழித்துவிட்ட கணினி என்றால், அனுப்ப முன் முழுவதும் அழித்து, இணையத்தில் இணைத்து, புதிதாகத் தொடங்கிப் பாருங்கள். பழைய நிறுவனத்தின் கணக்கைக் கேட்டால் அது பூட்டப்பட்டது. இங்கே வந்த பிறகு திறக்க வழியில்லை. உத்தரவாதம் இலங்கையில் செல்லுமா என்பதையும் வாங்கும் கடையிலேயே கேளுங்கள். சார்ஜரில் 100–240 வோல்ற் என்று இருந்தால் இங்கும் வேலை செய்யும். பிளக் மட்டும் மாற்றினால் போதும்.