எட்டு சிலிண்டர், ஒரு சொட்டு எண்ணெய்

1924 ஆகஸ்ட் 3-ஆம் தேதி பிரான்ஸின் லியோன் நகருக்கு அருகே நடந்த கிராண்ட் பிரீ பந்தயத்தில் புகாட்டி டைப் 35 முதன்முதலாகக் களமிறங்கியதையும், டயர்கள் பிய்ந்துபோய்ப் பின்தங்கியதையும் சென்ற வாரம் பார்த்தோம். ஆனால் சிசிலித் தீவின் மலைச் சாலைகளில் நடந்த டார்கா ஃப்ளோரியோ பந்தயத்தை 1925 முதல் 1929 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து புகாட்டிகளே வென்றன. நூறு வயதாகியும் அந்தக் கார்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் முடங்கிவிடவில்லை. இங்கிலாந்தின் பிரெஸ்காட் மலைப்பாதைப் பந்தயத்தில் இன்றும் முழு மூச்சாக ஓடுகின்றன. ஓடுகிற என்ஜின் ஒரு நாள் உடையத்தான் செய்யும். உடைந்ததை எப்படி மீட்கிறார்கள் என்பதுதான் இந்த வாரக் கதை.

வரிசையாக எட்டு சிலிண்டர், 1,991 சி.சி. கொள்ளளவு, சிலிண்டருக்கு மூன்று வால்வு. அன்றைய பந்தயக் கார்களோடு ஒப்பிட்டால் இது பெரிய என்ஜின் அல்ல. அதன் பலம் கிராங்க் ஷாப்ட்டில் இருந்தது. அக்காலத்தில் பெரும்பாலான என்ஜின்களில் பேரிங் என்றால் ஈயம், வெள்ளீயம் போன்ற மென்உலோகங்களை உருக்கி ஊற்றிச் சுரண்டி எடுத்ததுதான். வேகம் கூடினால் அது தாங்காது. காரை உருவாக்கிய எட்டோரே புகாட்டி அதைக் கைவிட்டு, கிராங்க்கை ஐந்து பால், ரோலர் பேரிங்குகளில் உட்காரவைத்தார். கனெக்டிங் ராடுகளின் பிக் எண்ட் எனும் அடிவளையத்திலும் ரோலர்களையே வைத்தார். இதனால் என்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்றை நெருங்க முடிந்தது. பிக் எண்டில் ரோலர் இல்லாமல், எளிய கிராங்க்கோடு விலை குறைத்து விற்ற 35ஏ மாடலால் அந்த வேகத்தை எட்ட முடியவில்லை.

ரோலர் பேரிங் வைக்க ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. ராடின் அடிவளையம் பிளவில்லாத ஒரே துண்டு. அதைக் கிராங்க்கில் மாட்ட வேண்டுமானால் கிராங்க்கே தனித்தனித் துண்டுகளாக இருந்தாக வேண்டும். துண்டுகளைக் கோத்து, சரிவாகச் சீவிய ஆணிகளால் இறுக்கித்தான் முழுக் கிராங்க்கும் உருவாகிறது. ஒரே ஒரு ராடைக் கழற்ற வேண்டும் என்றாலும் அத்தனையையும் பிரிக்க வேண்டும்.

எண்ணெய் போகும் வழியும் விசித்திரமானது. பம்ப் அழுத்தி உள்ளே செலுத்துவதில்லை. சிறு குழாய்கள் எண்ணெயைப் பீய்ச்ச, கிராங்க்கின் பக்கத் தகடுகளில் வெட்டிய வட்டப் பள்ளங்கள் அதை ஏந்திக்கொள்கின்றன. சுழற்சி வேகமே அதைப் பள்ளங்களில் உள்ள ஓட்டைகள் வழியாக ரோலர்களுக்குத் தள்ளுகிறது. ரோலருக்கு எண்ணெய் கொஞ்சம் போதும். ஆனால் அந்தக் கொஞ்சம் ஒரு நொடிகூட நிற்கக் கூடாது.

எண்ணெயை வெளிப்புறம் தள்ளும் அதே சுழற்சி, அதிலுள்ள கசடையும் சேர்த்துத் தள்ளிப் பள்ளத்தில் அப்பிவிடுகிறது. அன்றைய பந்தய என்ஜின்களில் விளக்கெண்ணெய் கலந்த மசகெண்ணெய் பரவலாகப் புழங்கியது. சூட்டைத் தாங்குவதில் அதற்கு ஈடில்லை. ஆனால் நாளடைவில் பிசின்போல் இறுகிவிடும். ஓட்டை மெல்ல அடைபடும். வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. பிறகு ஒரு நாள் ரோலர் உருளாமல் வழுக்கும், ஓடுபாதை செதில் செதிலாகப் பெயரும், ராட் கடித்துக்கொண்டு முறியும். முறிந்த ராட் அலுமினிய கிராங்க் கேஸைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

நல்ல மெக்கானிக் அந்த நிலையில் எதையும் உடனே கழுவுவதில்லை. எண்ணெய் தேங்கும் சம்ப்பின் அடியில் கிடக்கும் துணுக்குகளைப் பொறுக்கி வரிசையாக அடுக்குகிறார். பள்ளங்களை ஒவ்வொன்றாக மெல்லிய கம்பியால் குத்திப் பார்க்கிறார். எந்த ஓட்டையில் கம்பி நுழையவில்லையோ, அங்கேதான் விபத்து தொடங்கியிருக்க வேண்டும். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் பாகத்தை மட்டும் மாற்றினால் அடுத்த பந்தயத்திலும் அதே கதைதான். அதற்குப் பிறகே கழுவலும் அளவெடுப்பும். எஃகுப் பாகங்களைக் காந்தமேற்றி, ஒளிரும் சாயமும் இரும்புத் துகளும் கலந்த திரவத்தை ஊற்றி, புறஊதா விளக்கடியில் பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் பச்சைக் கோடாக மின்னும். ஒரு கோடு தெரிந்தால் போதும், அந்தப் பாகம் மறுபடி என்ஜினுக்குள் போகாது.

ஓட்டையான கிராங்க் கேஸுக்கு வேறு வைத்தியம். முழுப் பெட்டியையும் அடுப்பில் சீராகச் சூடாக்கி, பெயர்ந்த துண்டுகளைப் பொருத்தி வெல்டிங் செய்து, மெதுவாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் பெட்டி கோணிக்கொள்ளும். பேரிங் உட்காரும் இடங்களை ஒரே நேர்கோட்டில் மறுபடி கடைந்தெடுப்பார்கள். அதே அச்சில் வார்த்த புதுப் பெட்டி இன்று விலைக்குக் கிடைக்கிறது, வேலையும் சுளுவாக முடியும். ஆனால் புகாட்டியின் மோல்ஷைம் தொழிற்சாலையில் எண் பொறித்த பெட்டி பழையது ஒன்றுதான். கைகளால் சுரண்டிச் சமப்படுத்திய அதன் முகங்களை எந்த வார்ப்பாலும் திருப்பித் தர முடியாது. தழும்போடு இருந்தாலும் பழையதைக் காப்பாற்றுவதே முறை.

கிராங்க் விஷயத்தில் அவ்வளவு பிடிவாதம் வேண்டியதில்லை. பலர் இன்று நவீன எஃகில் ஒரே துண்டாகக் கடைந்த கிராங்க்கையும், சாதாரண ஷெல் பேரிங்குகளையும், அழுத்தத்தில் எண்ணெய் செலுத்தும் ஏற்பாட்டையும் பொருத்துகிறார்கள். மலைப்பாதையில் வாரந்தோறும் முடுக்கப்படும் காருக்கு அது நியாயமான முடிவு. பழைய பாணியே வேண்டும் என்பவர்களுக்கு வேலை அதிகம். கிராங்க் பின்னைக் கிரைண்டிங் செய்து, அதற்கேற்பச் சற்றே பருத்த ரோலர்களை மைக்ரான் கணக்கில் பொறுக்கிச் சேர்க்க வேண்டும். ஒரு ரோலர் மட்டும் பெரிதாக இருந்துவிட்டால் சுமை முழுவதும் அதன் மேலேயே விழும். கோத்து முடித்த கிராங்க்கை உருட்டி, டயல் கேஜ் முள் எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பார்கள். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடினாலும் ஆணிகளைத் தளர்த்தி மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

சிலிண்டர் தலையும் பிளாக்கும் ஒரே வார்ப்பு என்பதால், வால்வு வேலை முழுவதும் சிலிண்டருக்குள் கருவியை விட்டுத்தான். அதுவும் முடிந்து என்ஜின் ஏறியதும், எண்ணெயைச் சூடாக்கி ஊற்றிய பிறகே ஸ்டார்ட் செய்வார்கள். சிறிது தூரம் ஓட்டியதும் எண்ணெயை வடித்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, காந்தத்தால் துழாவுவார்கள். இரும்புத் துகள் ஒட்டினால் என்ஜினை மறுபடி இறக்க வேண்டும்.

அடுத்த வாரம்: இதே என்ஜினுக்கு சூப்பர்சார்ஜர் வந்த கதை.