ஒரு மங்குப் பாலுக்குள் இவ்வளவு அதிசயமா!

1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவில் வியாபாரத்துக்கென்று எழுந்த முதல் கித்தாத் தோட்டம் அதுதான், தெரியுமா? ஜாசினிலும் அலோர் காஜாவிலும் நம் பாட்டன் பாட்டிகள் விடியுமுன் பெரட்டுக்கு ஓடியதெல்லாம் அதற்குப் பிறகு வந்த கதை.

அவர்கள் ரப்பர் மரத்தைச் சீவி மங்கில் பிடித்த பால் இருக்கிறதே, அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மீதி பெரும்பாலும் தண்ணீர்! ரப்பர் துளி ஒவ்வொன்றின் மேலும் எதிர்மின்னூட்டம். துளிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால்தான் பால் பாலாகவே நிற்கிறது. ஸ்டோரில் பார்மிக் ஆசிட்டைக் கலந்ததும் மின்னூட்டம் அடங்கிவிடும், துளிகள் ஒட்டிக்கொள்ளும், பால் வெள்ளைக் கட்டியாகிவிடும். முசுறு கடித்த இடத்தில் பீய்ச்சுகிறதே, அதுவும் இதே பார்மிக் அமிலம்தான்! பாலை மங்கிலேயே விட்டுவைத்தால் நுண்ணுயிர்களே அமிலத்தை உண்டாக்கிவிடும். ஆசிட் இல்லாமலே கட்டிப்பால் தயார்!

அந்த ரப்பர் வெறும் கார்பனும் ஹைட்ரஜனும்தான். ஐசோபிரீன் அலகுகள் ஆயிரக்கணக்கில் சகப்பிணைப்பில் கோத்துச் சங்கிலியாகின்றன. சங்கிலிகளோ இடியாப்பச் சிக்கல். இழுத்தால் நேராகும், விட்டால் சுருளும். அகலமான ரப்பர் பேண்ட் ஒன்றைச் சட்டென்று இழுத்து மேலுதட்டில் வையுங்கள். சூடு தெரிகிறதா? இழுத்தபடியே சற்று நேரம் பிடித்திருந்து, தளர்த்தி மறுபடி வையுங்கள். குளிரும்! கண்பார்வையற்ற ஆங்கிலேயர் ஜான் கோஃப் இப்படி உதட்டில் வைத்துத்தான் இதைக் கண்டறிந்து 1805-இல் வெளியிட்டார்.

பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839-இல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் கந்தகத்தோடு அதைச் சூடாக்க, சங்கிலிகளுக்குக் குறுக்கே கந்தக அணுக்கள் பிணைந்துகொண்டன. நூறு பங்கு ரப்பருக்கு இரண்டு மூன்று பங்கு கந்தகம் என்றால் டயர். முப்பது பங்கைத் தாண்டினால் எபோனைட்: கறுத்து இறுகி, பேனாவின் உடம்பாகிவிடும்! டயரை உருக்கி வார்க்க முடியாதது ஏன்? அதிலுள்ள ரப்பர் முழுவதும் ஏறத்தாழ ஒரே மூலக்கூறு!

மலாக்கா சுல்தான்கள் நாணயம் அடித்த வெள்ளீயமோ பிணைப்பில் வேறு ஜாதி. அங்கே அணுக்கள் எலக்ட்ரான்களைப் பொதுவில் விட்டுவைக்கின்றன. அடுக்குகள் நழுவினாலும் பிணைப்பு அறாது, அடித்தால் தட்டையாகும். வெள்ளீயக் கம்பியை வளைத்தால் கிரீச்சென்று கத்தும்! உள்ளே படிகங்கள் திசை மாறுகிற சத்தம் அது.

என்னை இன்றும் அசரவைப்பது நம் காட்டு மரமான தாபான். அதன் பாலிலும் அதே ஐசோபிரீன், அதே சங்கிலி. ரப்பரில் இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கத்தில் சங்கிலி தொடர்கிறது. இதில் எதிரெதிர்ப் பக்கங்களில். வித்தியாசம் அவ்வளவுதான்! அதனாலேயே சங்கிலிகள் சீராக அடுக்கிக்கொண்டு கெட்டியாகின்றன. வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும். 1851-இல் டோவருக்கும் கலேக்கும் இடையே கடலடியில் போட்ட தந்திக் கம்பிக்கு உறை, தாபான் பால் இறுகிய இந்தக் கட்டாபெர்ச்சாதான். உங்கள் வீட்டில் யாராவது பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொண்டதுண்டா? வேருக்குள் டாக்டர் அடைத்திருப்பதும் பெரும்பாலும் அதே கட்டாபெர்ச்சாதான்!