ஆறு லட்சம் துளைகள்

பெங்களூரில் உள்ள மைக்ரோபேக் நிறுவனத்தின் அன்றாடத் தொழில், பிசிபி எனப்படும் மின்சுற்றுப் பலகைகளைத் தயாரிப்பது. தாமிரப் பூச்சின் மேல் ஒளியால் வடிவம் பதித்து, வேண்டாத தாமிரத்தை இரசாயனக் குளியலில் கரைத்தெடுக்கும் வேலை அது. டி.வி., கணினி, வாகனம் என எதைத் திறந்தாலும் உள்ளே இருக்கும் பச்சைப் பலகை இப்படித்தான் உருவாகிறது. இந்தக் கைத்தேர்ச்சியை வைத்தே மைக்ரோபேக், ஜெனீவாவை ஒட்டி இயங்கும் செர்ன் ஆய்வுக்கூடத்திடம் தொழில்நுட்ப உரிமம் பெற்று, துகள் இயற்பியல் கருவிகளுக்குத் தேவையான ஜெம் படலங்களை இந்தியாவில் முதன்முதலாகச் செய்து காட்டியது.

ஜெம் படலத்தை 1997இல் செர்னில் உருவாக்கியவர் ஃபேபியோ சவுலி என்ற இத்தாலிய இயற்பியலாளர். 50 மைக்ரான் தடிமனுள்ள பாலிஇமைடு தாள், அதன் இருபுறமும் 5 மைக்ரான் தாமிரப் பூச்சு, பொருள் அவ்வளவுதான். அதில் போடப்படும் துளைகளில்தான் விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு துளையும் தாமிரத்தில் 70 மைக்ரான், நடுத்தாளில் 50 மைக்ரான் விட்டம் கொண்டது. ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமன். ஒரு துளையின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் 140 மைக்ரான் தள்ளி இருக்கும். இந்தக் கணக்கில், உள்ளங்கை அளவுள்ள 10 சென்டிமீட்டர் சதுரப் படலத்தில் ஏறத்தாழ ஆறு லட்சம் துளைகள் வந்துவிடும். அத்தனையும் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

படலத்தின் இரு தாமிரப் பரப்புகளுக்கும் இடையே சுமார் 400 வோல்ட் மின்னழுத்தம் தரப்படுகிறது. 400 வோல்ட் என்பது பெரிய அளவல்ல. ஆனால் அது 50 மைக்ரான் இடைவெளிக்குள் அடைபடுவதால், துளைக்குள் மின்புலம் மிகக் கடுமையாகிவிடுகிறது. படலத்தைச் சுற்றி ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு இருக்கும். மின்னேற்றமுள்ள துகள் ஒன்று அதைக் கடக்கும்போது, வழியிலுள்ள அணுக்களிலிருந்து சில எலெக்ட்ரான்களைத் தட்டிவிட்டுப் போகும். அந்த எலெக்ட்ரான்கள் துளைக்குள் இழுக்கப்பட்டு வேகம் பிடித்து, மற்ற அணுக்களில் மோதி மேலும் எலெக்ட்ரான்களை விடுவிக்கும். ஒன்றுக்கு இருபது என்ற அளவில் அவை பெருகி வெளியேறும். மூன்று படலங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் பெருக்கம் ஆயிரக்கணக்கில் போய்விடும். அப்போது மின்னணுச் சுற்றுகள் பதிவு செய்யும் அளவுக்குச் சமிக்ஞை வலுப்பெறுகிறது. துகள் எந்த இடத்தில், எந்த நொடியில் கடந்தது என்பதும் தெரிந்துவிடுகிறது.

செர்னில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்கத்துக்குள் புரோட்டான்களை மோதவிடும் எல்எச்சி இயந்திரம் 2008 செப்டம்பர் 10 அன்று இயங்கத் தொடங்கியது. அங்குள்ள பெரிய உணர்கருவிகளில் ஒன்றான சிஎம்எஸ், மோதலில் பிறக்கும் மியூவான் துகள்களைத் துரத்திப் பிடிக்கிறது. மோதல்கள் கூடும்போது பழைய வகை உணர்கருவிகள் திணறும் பகுதிகளில் ஜெம் படலங்களைக் கொண்ட அறைகள் வைக்கப்படுகின்றன. முதற்கட்டமாக நிறுவப்பட்ட 144 அறைகளில் ஒரு பங்கை பாபா அணு ஆராய்ச்சி மையமும் டெல்லி, பஞ்சாப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்த இந்தியக் குழு கட்டித் தந்தது. ஆனால் அவற்றுக்கான படலங்கள் செர்னின் சொந்தப் பட்டறையிலிருந்தே வந்தன. உலகின் பல ஆய்வுகள் அந்த ஒரே பட்டறையின் கதவைத் தட்டும் நிலை இருந்ததால்தான், வெளியே தொழில் நிறுவனங்களுக்குத் தொழில்நுட்பத்தைக் கற்றுத்தரும் தேவை எழுந்தது.

மைக்ரோபேக் முதலில் எடுத்துக்கொண்டது இரட்டை மாஸ்க் முறை. படலத்தின் இருபுறமும் ஒளியுணரும் பூச்சைத் தடவி, துளை வடிவம் வரைந்த இரு மாஸ்க்குகளை மேலும் கீழும் வைத்துப் புற ஊதா ஒளியைப் பாய்ச்சுவார்கள். துளை வர வேண்டிய இடங்களில் தாமிரம் கரைக்கப்படும். பிறகு வேறொரு கரைசலில் நடுத்தாள் இருபுறமிருந்தும் அரிக்கப்பட்டு, இரண்டு அரிப்பும் நடுவில் சந்திக்கும். துளை நடுவே இடுப்பு சிறுத்து இருப்பதற்குக் காரணம் இதுதான். மேல் மாஸ்க்கும் கீழ் மாஸ்க்கும் சில மைக்ரான்கள் விலகினாலே துளை கோணலாகிவிடும். ஒரு தூசி உட்கார்ந்தாலும் அந்த இடத்தில் மின்பொறி பறந்து படலம் முழுவதும் வீணாகும். இப்படிச் செய்த 10 சென்டிமீட்டர் படலங்களை டெல்லிப் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் நுண்ணோக்கியில் வைத்துத் துளை அளவுகளைச் சரிபார்த்தார்கள். நூற்றுக்கணக்கான வோல்ட் கொடுத்து, எவ்வளவு மின்னோட்டம் கசிகிறது என்றும் அளந்தார்கள். படலங்கள் தேர்ச்சி பெற்றன. பிசிபி தொழிலில் ஊறிய ஒரு நிறுவனம் இந்த இடத்தை எட்டியது உண்மையிலேயே பெருமைக்குரியது.

இந்தியப் பட்டறைகளுக்குச் செர்னுடனான தொடர்பு புதிதல்ல. எல்எச்சியின் 1,232 முதன்மைக் காந்தங்கள் ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளமும் சுமார் 35 டன் எடையும் உள்ளவை. அவற்றை மூன்று மூன்று ஜாக்குகள் தாங்குகின்றன. இத்தனை எடையை 50 மைக்ரான் துல்லியத்தில் நகர்த்தி நிறுத்தும் ஜாக்கை வடிவமைத்தது இந்தூரில் உள்ள ராஜா ராமண்ணா மையம். மற்ற காந்தங்களுக்கும் சேர்த்து 7,080 ஜாக்குகளைச் செய்து கொடுத்தவை பெங்களூரின் அவசராலா ஆட்டோமேஷனும் இந்தூரின் இந்தோ-ஜெர்மன் டூல் ரூமும். கிர்லோஸ்கர் எலெக்ட்ரிக், கிராம்ப்டன் கிரீவ்ஸ் ஆகியவை திருத்தக் காந்தங்களைச் செய்தன. 2017 ஜனவரியில் இந்தியா செர்னின் இணை உறுப்பினரானதிலிருந்து, இந்திய நிறுவனங்கள் அங்கே நேரடியாக ஒப்பந்தப்புள்ளி அளிக்கவும் வழி திறந்திருக்கிறது.

செர்ன் வாங்குவது அரிய பொருள்களை மட்டுமல்ல. வெற்றிடக் குழாய், வெல்டிங் சட்டம், கேபிள் தட்டு, கடைசல் வேலை எல்லாமே அதன் கொள்முதலில் அடங்கும். வடசென்னைக்கும் எட்டும் வேலைகள்தான் இவை. எண்ணூரில் அசோக் லேலண்டையும் திருவொற்றியூரில் ராயல் என்ஃபீல்டையும் ஒட்டி வளர்ந்த வடசென்னைப் பட்டறைகள் லேத்திலும் வெல்டிங்கிலும் தேர்ந்தவை. அவசராலாவின் ஜாக் அடிப்படையில் அதே வகை இயந்திர வேலைதான். வேறுபாடு அளவீட்டிலும் ஆவணத்திலும் இருக்கிறது: ஒவ்வொரு உறுப்புக்கும் மூலப்பொருள் சான்று, அளவுப் பதிவேடு, சோதனை முடிவு என எல்லாம் கைவசம் இருக்க வேண்டும்.

வடசென்னைக்கு ஜெம் படலத்தோடு இன்னொரு வகையிலும் தொடர்பு வரலாம். எண்ணூர் விரைவுச் சாலையில் திருவொற்றியூர், காசிமேடு வழியாகச் சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்பது அங்குள்ளோருக்குப் பழகிய காட்சி. வடக்கே காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி ஆகியவற்றுக்கும் பெட்டகங்கள் போகின்றன. இந்தப் பெட்டகங்களுக்குள் கனமான கவசத்தில் மறைத்த அணுப்பொருள் இருந்தால், எக்ஸ்-ரேயில் அது புலப்படுவது கடினம். வானிலிருந்து மியூவான்கள் இயற்கையாகவே பொழிந்துகொண்டிருக்கின்றன. கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில். இரும்புப் பெட்டியை அவை எளிதில் ஊடுருவும். ஆனால் யுரேனியம், ஈயம் போன்ற கன உலோகங்களைக் கடக்கையில் பாதை சற்றே கூடுதலாக வளையும். பெட்டகத்தின் மேலும் கீழும் உணர்கருவி வைத்து அந்த வளைவை அளந்தால், கவசம் இருக்கும் இடம் தெரியும். கதிர்வீச்சு எதையும் பாய்ச்ச வேண்டியதில்லை. லாரி ஓட்டுநரை இறக்கிவிடவும் தேவையில்லை.

பஹாமாஸின் ஃப்ரீபோர்ட் துறைமுகத்தில் 2012இல் வைக்கப்பட்ட மியூவான் வாயில், வாயு நிரப்பிய குழாய்களைக் கொண்டு இதைச் செய்தது. அதே வேலைக்கு ஜெம் படலங்களைப் பயன்படுத்தும் சிறு மாதிரியை அமெரிக்காவின் ஃப்ளோரிடா தொழில்நுட்பக் கழகத்தினர் கட்டிச் சோதித்தார்கள். துல்லியத்தில் ஜெம் மேலானது. ஆனால் ஒரு லாரி நுழையும் வாயிலுக்குப் பல சதுர மீட்டர் படலம் வேண்டும். அந்த அளவுக்குப் போகும்போது தாள் நீளும், சுருங்கும். இரு மாஸ்க்குகளும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாமல் போகும். ஒரு புறம் மட்டும் மாஸ்க் வைத்து, முதலில் அரித்த துளையையே மறுபுறத் தாமிரத்துக்கு வழிகாட்டியாக்கும் ஒற்றை மாஸ்க் முறையைச் செர்ன் பட்டறை உருவாக்கியது இதனால்தான். அம்முறையில் மீட்டர் நீளப் படலங்களைக் கட்டுப்படியாகும் விலையில் தரும் தொழிற்சாலைகள் பெருகினால்தான், இந்தக் கருவி ஆய்வுக்கூடத்திலிருந்து துறைமுக வாசலுக்கு வரும்.